ஏரிக்கரைக்குச் சிறிய இருநோக்கி: தேர்வும் சோதனையும்

தோள்பையின் ஓரத்திலோ சட்டைப் பையிலோ அடங்கிவிடும் சிறிய இருநோக்கியை, அதாவது கடையில் பைனாகுலர் என்று கேட்டு வாங்கும் கருவியை, பறவை பார்ப்பதற்காக எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். வாங்கிய சில நாள்களுக்குள் அதைச் சோதித்து, வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் முறையையும் சேர்த்தே சொல்கிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள், கண்ணில் படும் பல கருவிகளை நான்கைந்தாகக் குறைக்க உதவும். அந்த நான்கைந்தில் எது உங்களுக்கானது என்பதை விடியற்காலை மங்கலில் ஏரிக்கரையில் நின்று உங்கள் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். நண்பகல் வெளிச்சத்தில் கடை வாசலிலிருந்து பார்த்தால் சுமாரான கருவியும் நன்றாகத்தான் தெரியும். பலர் தவறான கருவியை வாங்கிவிடுவது அந்த வாசலில்தான்.

சிறிய இருநோக்கிகளைப் பற்றி வெளிவரும் மதிப்புரைகளில் கணிசமானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருப்பதால் அந்தத் தேவை இங்கே இல்லை. ஆயினும் வேட்டைக்காரரும் பறவை பார்ப்பவரும் காத்திருப்பது ஒரே பொழுதுக்காகத்தான்: சூரியன் எழுவதற்கு முன்பும் விழுந்த பின்பும் உள்ள அரைமணி நேரம். வேடந்தாங்கலின் பெயரிலேயே ஒரு வேடன் இருக்கிறான். அங்கே பறவைகளைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பற்றி ஊர்மக்கள் முறையிட்டதன் பேரில், 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். காத்திருக்கும் பொழுது ஒன்றே என்பதால் வேட்டைக்காரர்களின் மதிப்புரைகளைத் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அவர்கள் குளிரில் கையுறை அணிந்து, பழுப்புக் காட்டில் அசையாமல் நிற்கும் பழுப்பு மானைத் தேடுகிறவர்கள். நாமோ வியர்த்த கையோடு, கண் கூசும் நீர்ப்பரப்புக்கு எதிரே நின்று, ஒரு கொக்கின் அலகு மஞ்சளா கறுப்பா என்று பார்க்கிறவர்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் அவர்களுக்குப் பொருந்தும் அறிவுரை நமக்குச் செலவாக முடியும்.

எண்களைப் படித்தல்

8×25 என்று எழுதியிருந்தால் 8 என்பது உருப்பெருக்கம். 25 என்பது பறவையை நோக்கி இருக்கும் பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். "எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் தெரியும்?" என்று கேட்பதில் பயனில்லை, 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலவு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. 80 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மீன்கொத்தியை, 8 மடங்கு உருப்பெருக்கம் 10 மீட்டரில் இருப்பதுபோலக் காட்டும். 10 மடங்கு உருப்பெருக்கம் 8 மீட்டரில் இருப்பதுபோலக் காட்டும். கிடைக்கும் லாபம் அந்த 2 மீட்டர்தான். அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது: கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும், ஒரே நேரத்தில் கண்ணில் படும் பரப்பான பார்வைப் புலம் சுருங்கும், படம் மங்கும். சிறிய, எடை குறைந்த கருவி கையில் எளிதாக ஆடும் என்பதால் இந்த நடுக்கம் பெரிய கருவியைவிட இதில் அதிகமாகவே உறுத்தும். ஆகவே முதல் இருநோக்கிக்கு 8 மடங்கே போதும் என்பது என் உறுதியான கருத்து.

படம் மங்குவது ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறிய இருநோக்கியின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கருவியைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி, வானத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணருகு லென்ஸைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு சிறிய ஒளிவட்டம் மிதப்பதுபோலத் தெரியும். பொருளருகு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த வட்டத்தின் அளவு. 8×25 கருவிக்கு அது சுமார் 3.1 மில்லிமீட்டர், 10×25 கருவிக்கு 2.5, 8×32 கருவிக்கு 4, பெரிய 8×42 கருவிக்கு 5.25. நல்ல வெயிலில் நம் கண்பாவை 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருப்பதால் இவை எல்லாமே அதை நிறைத்துவிடும். அப்போது சிறியதற்கும் பெரியதற்கும் பிரகாசத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. விடியலுக்கு முன் கண்பாவை 5 மில்லிமீட்டருக்கோ அதற்கு மேலோ விரிகிறது. அந்த அகலக் கதவு வழியாக 10×25 கருவி அனுப்புவது 2.5 மில்லிமீட்டர் கற்றையைத்தான். வேடந்தாங்கலில் கூட்டத்தோடு வந்து இறங்கும் வக்காவை அதில் பார்த்தால் சாம்பல் நிறக் கட்டியாகத் தெரியும். 8×32 கருவியில் பார்த்தால் தலையின் கறுப்பும் முதுகின் கறுப்பும் பிரிந்து தெரியும். வயது ஏற ஏறக் கண்பாவை விரியும் அளவு குறைந்துகொண்டே வருவதால், அறுபதைக் கடந்தவர்கள் பெரிய லென்ஸுக்காகக் கூடுதல் எடையைச் சுமப்பதில் அவ்வளவு பயன் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

வேட்டைக்காரர்களுக்கான பட்டியல்களில் 'அந்தி எண்' என்ற பொருளில் ஓர் எண் தரப்பட்டிருக்கும். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். 8×25 கருவிக்கு 14.1; 10×25 கருவிக்கு 15.8. இதை மட்டும் பார்த்தால் 10×25தான் அந்தியில் சிறந்தது என்று தோன்றும். ஆனால் இந்த எண்ணுக்குக் கண்ணாடியின் தரமும் தெரியாது, மேற்பூச்சும் தெரியாது, உங்கள் கண்பாவையும் தெரியாது. மட்டமான கருவிக்கும் உயர்ந்த கருவிக்கும் அது ஒரே விடையைத் தரும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

பூச்சு முக்கியமானது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒளி இப்படிப் பத்துப் பரப்புகளைக் கடந்தால் கண்ணுக்கு வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்குதான். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா இதற்கான எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை உருவாக்கினார். இன்று எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறுமனே 'பூச்சிடப்பட்டது' என்று எழுதியிருந்தால் ஒரு சில பரப்புகளில் மட்டும் பூசியிருக்கலாம். மாணிக்கக் கல் போலச் சிவப்பாகப் பளபளக்கும் லென்ஸை வாங்கவே கூடாது. அந்தச் சிவப்பு வெளியே திருப்பி அனுப்பப்படும் ஒளி. உள்ளே வந்து சேரும் படத்தில் சிவப்பு குறைந்து பச்சை ஏறியிருக்கும். செந்நாரையும் செம்போத்தும் தம் உண்மை நிறத்தில் தெரியாத கருவி நமக்கு எதற்கு?

உள்ளே இருக்கும் முப்பட்டகம் இரண்டு வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு ஒன்று; அதில் குழாய் வளைந்து செல்லும். மற்றொன்று கூரை வடிவ முப்பட்டகம். அதில் குழாய்கள் இரண்டும் நேராக இருப்பதால் கருவி ஒல்லியாக மடங்கும். கூரை வகையில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது கூர்மை சற்றே குறையும். அதைச் சரிசெய்யும் பூச்சை சைஸ் நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. விலை மிகக் குறைந்த கூரை வகைக் கருவிகளில் இந்தப் பூச்சு இருப்பதில்லை. ஆகவே கையில் பணம் குறைவாக இருக்கும்போது, அதே விலைக்குக் கிடைக்கும் தலைகீழ் போரோ வகைக் கருவியை வாங்குவதே நல்லது. பொருளருகு லென்ஸ்கள் நெருங்கியும் கண்ணருகு லென்ஸ்கள் விலகியும் இருப்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். பார்க்க அவ்வளவு அழகாக இராது. ஆனால் குறைந்த விலையில் தெளிவான படத்தை அதுதான் தரும்.

பெட்டியில் எழுதியதை அப்படியே நம்பிவிட முடியாது என்பதை நான் என் முதல் கருவியில் தெரிந்துகொண்டேன். கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய அதன் மேல் 30×60 என்று பொறித்திருந்தது. வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்தால் லென்ஸின் விட்டம் 25 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. மேலே சொன்ன ஒளிவட்டத்தையும் அளந்து வகுத்துப் பார்த்தபோது உருப்பெருக்கம் எட்டுக்குக் கீழே வந்தது. இந்தக் கணக்கை யாரும் செய்யலாம்: லென்ஸின் விட்டத்தை ஒளிவட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் வந்துவிடும். கைக்கு அடக்கமான ஒரு கருவியில் 20 மடங்கு, 30 மடங்கு என்று எழுதியிருந்தால் எழுத்திலேயே பொய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஜூம் வகையும் வேண்டாம்; பார்வைப் புலம் ஒரு வைக்கோல் குழல் அளவுக்குக் குறுகிவிடும்.

மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் இன்னோர் எண்ணையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணருகு லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி இருந்தால் முழுப் படமும் தெரியும் என்பதைக் குறிக்கும் அந்த இடைவெளி, அவர்களுக்கு 15 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். சிறிய கருவிகள் பலவற்றில் அது இல்லை. குறைந்தால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டுமே தெரியும்.

கடையில்

கடைக்குப் போகும்போது ஒரு சிறு டார்ச்சை எடுத்துச் செல்லுங்கள். பெரிய லென்ஸ் பக்கமிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சி உள்ளே பார்த்தால் தூசி, கீறல், பிசுக்கு எல்லாம் தெரியும். ஓரிரு தூசித் துகள்களால் படம் கெடாது. சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. பழைய இருப்பில் இது அடிக்கடி காணப்படும்; அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். பிறகு மேலே சொன்ன ஒளிவட்டத்தைப் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலச் சாம்பல் படிந்து தெரிந்தால் முப்பட்டகம் மட்டமானது அல்லது அளவில் சிறியது.

அடுத்து உங்கள் முகத்துக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிந்தவர்கள் கண்ணருகு லென்ஸைச் சுற்றியுள்ள விளிம்பான கண்குவளையை உள்ளே தள்ளியும் மற்றவர்கள் வெளியே இழுத்தும் வைத்துக்கொள்ள வேண்டும். இரு குழாய்களையும் மெதுவாக மடக்கி, இரு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கண்ணை இலேசாக அசைக்கும்போதெல்லாம் கறுப்புப் பிறைகள் ஓடி மறைந்தால் அந்தக் கருவியும் உங்கள் முகமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வேறொருவருக்கு அதே கருவி மிகச் சரியாக இருக்கலாம். குழந்தைகளுக்கு வாங்கும்போது அவர்களையே அழைத்துச் செல்ல வேண்டியதும் இதனால்தான். அவர்களுடைய கண்களுக்கு இடையே உள்ள தூரம் குறைவு. எல்லாக் கருவிகளும் அந்த அளவுக்கு மடங்குவதில்லை. இரண்டு கீல்களோடு சட்டைப் பைக்குள் மடங்கும் வகையில் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் சரிசெய்ய வேண்டியிருக்கும். நீங்கள் சரிசெய்து முடிப்பதற்குள் மாங்குயில் பறந்துவிடும். ஒரே கீல் உள்ளதையே நான் விரும்புகிறேன்.

எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். மீதிச் சோதனைகள் எல்லாம் அந்த நாள்களுக்குள் முடிய வேண்டும்.

மொட்டைமாடியில்

முதலில் வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமலேயே பல ஆண்டுகள் தலைவலியோடு பார்ப்பவர்களை நான் அறிவேன். சுமார் 50 மீட்டர் தள்ளி உள்ள ஒரு பெயர்ப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கப் பொருளருகு லென்ஸை உள்ளங்கையால் மூடி, இரு கண்களையும் திறந்தே வைத்துக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கம் உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வளையம் பையில் உரசித் தானாகத் திரும்பிவிடும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் அது குறைதான்.

அடுத்து கூர்மை. செய்தித்தாளின் ஒரு பக்கத்தைக் கைப்பிடிச் சுவரில் ஒட்டி, 6 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 8 மடங்கு கருவியில் அது 75 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிப்பது போன்றது. கருவியைத் தலையணை மீதோ நாற்காலி முதுகிலோ சாய்த்து அசையாமல் வைத்து, 'ண' எழுத்தையும் 'ன' எழுத்தையும் தேடுங்கள். ணகரத்தில் ஒரு சுழி கூடுதல். அந்தச் சுழிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவா, ஒட்டிக் கறுப்புப் பொட்டாகிவிடுகின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலக் கட்டுரைகள் சொல்லும் சோதனை அட்டைகளைத் தேடி அலையத் தேவையில்லை. தமிழ் எழுத்தைப்போலக் கூர்மையைச் சோதிக்க வேறொன்று வேண்டாம். நடுவில் தெளிவாகத் தெரிந்த பிறகு, கருவியை மெல்ல நகர்த்தி அதே சொல்லைப் பார்வைப் புலத்தின் ஓரத்துக்குக் கொண்டு செல்லுங்கள். நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ணகரமும் னகரமும் வேறுபட்டுத் தெரிந்தால் சிறிய கருவிக்கு அது நல்ல தேர்ச்சி. பாதிக்கு முன்பே எல்லாச் சுழிகளும் கரைந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. இரு குழாய்களும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதே அது. தொலைவில் படுக்கையாகச் செல்லும் மின்கம்பியையோ மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பையோ பாருங்கள். பார்த்தபடியே கருவியை முகத்திலிருந்து மெதுவாக 10 அல்லது 15 சென்டிமீட்டர் விலக்குங்கள். ஒன்றாக இருந்த படம் இரண்டு வட்டங்களாகப் பிரியும். இரண்டு வட்டங்களிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் செல்ல வேண்டும். ஒன்றில் மேலேயும் மற்றொன்றில் கீழேயும் இருந்தால் குழாய்கள் விலகியிருக்கின்றன. நம் கண்கள் உள்நோக்கித் திரும்பப் பழகியவை. ஒரு கண் மேலேயும் மற்றொரு கண் கீழேயும் பார்க்கப் பழகியவை அல்ல. அந்தச் சிறு வேறுபாட்டை மூளை சில நிமிடங்கள் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும். அரைமணி நேரம் கழித்து நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். இன்னொரு வழியும் உண்டு: கருவியைக் கண்ணில் வைத்தபடி பத்து நொடி கண்களை மூடித் திறங்கள். திறந்த கணத்தில் படம் இரண்டாகத் தெரிந்து, பிறகு வழுக்கிக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்தால் அதுவும் இதே நோய்தான். புதிதாக வந்த கருவியாக இருந்தாலும் வழியில் பெட்டி விழுந்திருந்தால் இது நேரலாம்.

வெளுத்த வானத்துக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானையோ காகத்தையோ பாருங்கள். வாலின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கோடு கட்டித் தெரிந்தால் அது நிறப் பிழை. நடுவில் இராமல் ஓரத்தில் மட்டும் சற்றே இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எந்தச் சோதனைக்காகவும் சூரியனை நோக்கிக் கருவியைத் திருப்பிவிடாதீர்கள்; ஒரு கணம் போதும், பார்வை நிரந்தரமாகப் போய்விடும். மாடியில் குழந்தைகள் இருக்கும்போது கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து சென்னை போன்ற கடற்கரை ஊரின் காற்றுக்கு வெளியே கொண்டுவந்தால், லென்ஸின் வெளிப்புறத்தில் பனி படரும். அது இயல்பு, சில நிமிடங்களில் மறைந்துவிடும். உட்புறத்தில் படர்ந்தால் காற்றுப் புகாத அடைப்பு சரியில்லை. உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்று எழுதியிருந்த கருவியில் இது நேர்ந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

ஏரிக்கரையில்

இயலுமானால் ஒரு 8×42 கருவியை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டு, சூரிய உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே கரையில் நில்லுங்கள். கொக்குகள் அடையும் மரம் ஒன்று எதிரே இருந்தால் போதும். புகழ்பெற்ற சரணாலயம் எதுவும் தேவையில்லை. கையில் ஒரு குறிப்பேடு, கைக்கடிகாரம். ஒவ்வோர் இரண்டு நிமிடத்துக்கும் இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றி எடுத்து, ஒரே கொக்கின் அலகைப் பாருங்கள். சின்ன வெண்கொக்குக்கு அலகு கறுப்பு, உண்ணிக்கொக்குக்கு மஞ்சள். முதலில் வெள்ளை உருவம் மட்டும் தெரியும். பிறகு அலகு இருப்பது தெரியும். பிறகு ஒரு நிமிடத்தில், இது மஞ்சள் என்று ஐயமில்லாமல் சொல்ல முடியும். அந்த நிமிடத்தை இரண்டு கருவிக்கும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சிறிய கருவி பெரியதைவிட எத்தனை நிமிடம் பிந்துகிறது என்பதே அதன் உண்மையான மதிப்பெண். நான் இப்படிப் பார்த்த ஒரு காலையில், மலிவான 10×25 கருவியில் அலகு மஞ்சளாக மாறியபோது, அருகில் இருந்தவர் 8×42 கருவியில் அந்த மரத்துக் கொக்குகளை வகை பிரித்து எண்ணி முடித்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தரமான 8×32 கருவியை வைத்து இதையே செய்தபோது இடைவெளி பொருட்படுத்த வேண்டாத அளவுக்குக் குறைந்தது. அன்றிலிருந்து எடை 500 கிராமை ஒட்டி வந்தாலும் 8×32 கருவியைத்தான் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். 8×25 கருவி பேருந்துப் பயணத்துக்கும் அலுவலகப் பைக்கும்.

வெயில் ஏறியதும் எதிரொளியைச் சோதியுங்கள். சூரியன் பார்வைப் புலத்துக்கு வெகு வெளியே, பக்கவாட்டில் இருக்குமாறு நின்று, நிழலில் இருக்கும் நீர்க்கடம்பு மரத்தின் உட்கிளைகளைப் பாருங்கள். நல்ல கருவியில் நிழல் கறுப்பாகவே இருக்கும். மட்டமானதில் பால் கலந்ததுபோல ஒரு வெண்படலம் படத்தின் பாதியை மூடிவிடும். நீர்நிலைகளில் நம் நேரத்தில் பெரும்பகுதி இப்படி எதிர்வெயிலில்தான் கழிகிறது என்பதால், ஓரத்தில் படம் சற்று மங்குவதைக்கூட நான் மன்னிப்பேன், இந்த வெண்படலத்தை மன்னிப்பதில்லை.

நுணுக்கத்துக்குச் சிறு மீன்கொத்தியைத் தேடுங்கள். ஆணுக்கு அலகு முழுவதும் கறுப்பு. பெண்ணுக்குக் கீழ்அலகு செம்மஞ்சள். 30 மீட்டரில் இது தெரிய வேண்டும். முக்குளிப்பானின் வாயோரத்தில் உள்ள வெளிர் மஞ்சள் பொட்டும் இதற்கு ஏற்றது. அது மூழ்கி எழுந்து மிதந்துகொண்டே இருப்பதால் பார்வையைச் சீராக வைக்கும் பயிற்சியும் கிடைக்கும். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொள்ளுங்கள், பனைமரத்திலோ கரைக்கல்லிலோ சாய்ந்துகொள்ளுங்கள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். இத்தனை செய்தும் படம் ஆடிக்கொண்டே இருந்தால் கருவி உங்கள் கைக்கு மிகச் சிறியதாக இருக்கலாம்.

பறக்கும் பறவைக்குத் தகைவிலான். 1000 மீட்டரில் 115 மீட்டர் அகலம் காட்டும் கருவி, 50 மீட்டரில் 6 மீட்டருக்கும் குறைவான அகலத்தையே காட்டும். அந்தச் சிறு சாளரத்துக்குள் தகைவிலானைப் பிடிக்க, கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கருவியை வைத்துக்கொண்டு பறவையைத் தேடக் கூடாது. இருபது முறை முயன்று பத்து முறையாவது பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதே சமயம் சக்கரத்தையும் கவனியுங்கள்: தொலைவிலிருந்து அருகுக்கு வர விரல் எத்தனை முறை திருப்ப வேண்டியிருக்கிறது, திசை மாற்றும்போது வெற்றுச் சுழற்சி இருக்கிறதா, வியர்த்த விரல் வழுக்குகிறதா. பட்டாம்பூச்சிகளிலும் தட்டான்களிலும் ஆர்வம் உள்ளவர்கள் 2 மீட்டருக்கு அருகிலும் தெளிவாகத் தெரியும் கருவியைக் கேட்டு வாங்கலாம். இதற்கென்றே செய்யப்பட்ட பென்டாக்ஸ் பப்பிலியோ 6.5×21, அரை மீட்டர்வரை நெருங்கிக் காட்டும்.

கோடியக்கரை உப்பளங்களிலோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலோ சோதிப்பவர்கள் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதன் பிறகு தரை சூடேறிக் கானல் எழும்; தொலைவில் மேயும் உள்ளான்கள் நீரில் கரைவதுபோல நெளியும். அது காற்றின் நெளிவு, கருவியின் குறையன்று. பெரிய உருப்பெருக்கம் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த பிறகு

நம் ஊரில் இருநோக்கியின் பெரிய எதிரி பூஞ்சை. தோலுறையிலும் துணி அலமாரியிலும் பூட்டி வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் ஈரம் ஏறியதும் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது எல்லாவற்றையும்விட நல்லது. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்தால் உள்ளிருக்கும் பசை இளகிவிடும்.

லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு மெல்லிய தூரிகையால் தள்ளி, கடைசியாகவே லென்ஸ் துணியைத் தொடுங்கள். வேட்டி நுனியாலோ புடவைத் தலைப்பாலோ சட்டையாலோ துடைப்பது, மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியின் உடலைத் துடைத்து உப்பை நீக்குங்கள். நீர் புகாதது என்று உறுதி சொல்லப்பட்ட கருவியானாலும் குழாயடியில் காட்ட வேண்டிய தேவையில்லை.

கழுத்துப் பட்டையைச் சுருக்கி, கருவி நெஞ்செலும்பின் மேல் படியும்படி கட்டுங்கள். வயிறுவரை தொங்கினால் குனியும்போதெல்லாம் கரைக்கல்லில் மோதும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போகும் முன், டார்ச் சோதனையையும் மின்கம்பிச் சோதனையையும் மறுபடி செய்து பாருங்கள். இடையில் ஒரு முறை கீழே விழுந்திருந்தால் அன்று மாலையே செய்யுங்கள். கோடு இரண்டு வட்டங்களிலும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் திருகாணியை நீங்களே திருப்பிப் பார்க்காமல், இருநோக்கி பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.